விளக்கு எரிகிறதை வண்டியில் ஏற்றுவதில்லை

வேதியியல் ஆய்வகத்தின் பின்னறையில், மணல் நிரப்பிய இரும்புப் பெட்டிக்குள் நட்டுவைத்திருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு வேப் கருவிகளில் முந்நூற்றுப் பதினொன்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன. பேட்டரி செத்து வருடக்கணக்கானவை. ஊதும் வாயை டேப் போட்டு அடைத்தாயிற்று. ஆனாலும், எந்தப் பிள்ளையிடமிருந்து பறித்ததோ அந்தப் பிள்ளை மூச்சை இழுக்கும்போது, எந்த ஊரில் இருந்து இழுத்தாலும், கருவியின் அடியிலிருக்கும் சின்ன நீல விளக்கு எரியும், விடும்போது அணையும். பிள்ளை படியேறினால் விளக்குக்கு அவசரம் வரும், தூங்கினால் நிதானம் வரும். பள்ளியில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருடம் மாடிக் கழிப்பறைக் குழாய் உடைந்து கீழே மூன்று வகுப்புகள் நனைந்ததே எல்லாருக்கும் பேச்சாக இருந்தது.

பிள்ளைகள் அந்தக் கருவியைப் பேனா என்றார்கள். பார்க்கப் பேனா மாதிரிதான் இருக்கும், சட்டைப்பையில் செருகியவனைப் பார்த்தால் படிக்கிற பையன் என்றே தோன்றும். தலைமையாசிரியர் சுற்றறிக்கையில் அதை மின்னணுப் புகைக் கருவி என்று எழுதினார். அவரை எல்லாரும் பெரிய சார் என்பார்கள். ஆரம்பத்தில் பறித்ததையெல்லாம் தன் மேசை இழுப்பறையில் போட்டுவைத்தார், பெற்றோர் வந்தால் எடுத்துக் காட்டி மிரட்ட வசதி என்று. ஒரு மத்தியானம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரத்தில் இழுப்பறைக்குள் ஏதோ உப்பிச் சீறியது. மேசையும் இரண்டு வருடத்து வருகைப் பதிவேடுகளும் அவருடைய மூக்குக் கண்ணாடியும் கருகின. மற்றவர்கள் வாளித் தண்ணீரோடு ஓடிவர, ஆய்வகத்திலிருந்து மணலோடு ஓடிவந்து அணைத்தவள் லேப் அக்கா. நல்ல காரியம் செய்ததற்கு உடனே தண்டனை கிடைத்தது. “இனிமே இந்தச் சனியன் எல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும்மா,” என்றார் பெரிய சார்.

லேப் அக்கா என்பதுதான் அவள் வேலை, பட்டம், பெயர் எல்லாம். சோதனைக் குழாய் கழுவி, அமிலம் கலந்து, புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டி அந்தப் பின்னறையில் பத்தொன்பது வருடம் போயிருந்தது. சீட்டு ஒட்டாத புட்டியை அவள் கையால் தொடமாட்டாள். கருவிகளுக்கும் அதே முறையைக் கொண்டுவந்தாள். கசிவது விஷம் என்பதால் ரப்பர் கையுறை. ஊதும் வாயில் ஒரு டேப், சார்ஜ் போடும் துளையில் ஒரு டேப். எண், தேதி, பெயர், வகுப்பு எழுதிய சீட்டு. மணலை வெயிலில் காயவைத்துச் சலித்து, ஒன்றோடொன்று உரசாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டு, வாய் கீழும் விளக்கு மேலுமாக நாற்று நடுவதுபோல் வரிசை வரிசையாக நட்டாள். ஸ்பிரிட் புட்டிகளை எதிர்ச் சுவருக்கு மாற்றினாள். அதன்பிறகு பெட்டியில் தீ பிடிக்கவில்லை, புகை வரவில்லை, யாருக்கும் ஒரு கெடுதலும் நேரவில்லை. கெடுதல் செய்தது அவள் எழுதிய சீட்டு.

புதுப் பதிவேட்டில் முதல் எண் அவள் மகனுடையது. அவன் அதே பள்ளியில் பதினோராம் வகுப்பு. துவைக்கப் போட்ட கால்சட்டைப் பையில் கிடைத்தது. வேறு அம்மாவாக இருந்தால் நாலு அறை விட்டு, பொருளைக் குப்பையில் எறிந்து, உட்கார்ந்து அழுது அத்தோடு விட்டிருப்பாள். குப்பையில் எறிந்தால் குப்பை லாரி எரியும் என்று இவளுக்குத் தெரியும். அதனால் மறுநாள் காலை முறைப்படி டேப் ஒட்டி, எண் ஒன்று என்று போட்டு, மகன் பெயரையும் வகுப்பையும் பிரிவையும் குண்டு குண்டாக எழுதிப் பெரிய சாரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். ஊழியர் பிள்ளைக்குச் சலுகை என்று பேச்சு வந்துவிடக்கூடாது என்பது அவள் கவலை. பெரிய சாருக்கும் அதே கவலைதான். காலைக் கூட்டத்தில் சீட்டை மைக்கில் படித்தார். பெற்ற மகனையே பிடித்துக் கொடுத்த லேப் அக்காவுக்கு எல்லாரும் கைதட்டுங்கள் என்றார். எண்ணூறு பேர் தட்டினார்கள். முன்னால் நிற்கவைக்கப்பட்டிருந்த மகனும், என்ன செய்வதென்று தெரியாமல், சேர்ந்து தட்டினான்.

பள்ளிக்குள் தன்னை மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் கூப்பிட வேண்டும் என்று அவனுக்கு அவள் முன்பே விதி போட்டிருந்தாள். அன்று சாயங்காலம் வீட்டில் வைத்து, “சாப்பிட்டியாடா?” என்று கேட்டாள். “ஆச்சு, லேப் அக்கா,” என்றான். அதற்குப்பின் அதுவும் இல்லை. இரண்டே அறை உள்ள வீட்டில் ஒரு வருடம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தான். தன் தட்டைத் தானே கழுவினான், தன் துணியைத் தானே துவைத்தான், பரீட்சையை ஒழுங்காக எழுதினான். அவன் அப்பா அவனுக்கு ஏழு வயதில் இறந்துபோனவர். நடுவில் நின்று சமாதானம் பேச ஆளில்லை. பதினெட்டு முடிந்த மறுநாள் ஒரு பையோடு கிளம்பிப் போனான். எந்த ஊர் என்று சொல்லவில்லை. போன் எண்ணை மாற்றவில்லை, எடுக்கவும் இல்லை. ஆறு மாதம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அடித்துப் பார்த்தாள். பிறகு அடிப்பதை விட்டாள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. கால் மரத்துப்போனால் உதறிவிடலாம், இது எங்கே மரத்திருக்கிறது என்றே தெரியவில்லை. காலையில் எழுந்தாள், குளித்தாள், பஸ் ஏறினாள், குழாய்களைக் கழுவினாள். ஒருநாள் பர்னர் மேலிருந்து இறக்கிய இரும்புத் தாங்கியை வெறுங்கையால் பிடித்துவிட்டு, யாரோ எதையோ கருக்குகிறார்கள் என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். கருகியது அவள் விரல்கள். வேதியியல் டீச்சர் பதறிப்போய்க் கையைக் குழாயடியில் பிடித்தார். தண்ணீர் சில்லென்று இருக்கிறதா என்று அவர் கேட்டபோது, இருக்கும் டீச்சர் என்றாள்.

மகன் போய் ஏழாவது மாதம், புதிதாக வந்த ஒரு கருவியை நடப் பெட்டியைத் திறந்தபோது, முதல் எண் எரிந்து அணைவதைப் பார்த்தாள். எடுத்து மீட்டரில் வைத்தாள். பேட்டரியில் ஒன்றும் இல்லை. இயற்பியல் சார் வந்து பார்த்து, மிச்ச சார்ஜ், நாலு நாளில் போய்விடும் என்றார். நாலு வருடம் போகவில்லை. அவள் ஆய்வகத்து ஸ்டாப் வாட்ச்சை வைத்து அளந்தாள்: நிமிடத்துக்குப் பதினாறு முறை. மழைக்காலத்தில் ஒரு வாரம் அது தட்டுத்தடுமாறி முப்பதுக்கு ஏறியது. அடுத்த மாதம் பஸ் நிறுத்தத்தில் மகனின் பழைய நண்பன் ஒருவன், “அவனுக்கு நெஞ்சுச்சளி வந்து ஆஸ்பத்திரில இருந்தானாம் அக்கா, இப்ப பரவால்ல,” என்றான். தேதியைக் கேட்டுக்கொண்டாள், பதிவேட்டைப் பார்த்தாள், சரியாக இருந்தது. அதன்பின் மற்றவையும் எரியத் தொடங்கின. பழையவை முதலில், புதிதாக வந்தவை பறித்து நாற்பது நாளில் பேட்டரி செத்ததும், ஒவ்வொன்றாக மூச்சுக்கு வந்தன. விளையாட்டுத் தினத்தன்று நானூறு மீட்டர் ஓடிய பெண்ணின் விளக்கு துடித்த துடிப்பில் மணலே சரிந்தது. எண்பத்தெட்டாம் எண், படிப்பு முடித்துப் போன ஒரு பையனுடையது, ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றரைக்கு அணைந்தது. பைக்கில் போகும்போது லாரி மோதியது என்று சனிக்கிழமைதான் பள்ளிக்குச் செய்தி வந்தது. அவள் ஏற்கெனவே பதிவேட்டில் நேரத்தை எழுதி, அணைந்தது என்று குறித்திருந்தாள். அன்றிலிருந்து தினமும் காலையில் கைப்பையைக் கீழே வைப்பதற்கு முன் முதல் எண்ணைப் பார்ப்பது அவள் வழக்கமானது.

கருவிகளைப் பாதுகாப்பாக அப்புறப்படுத்தும்படி கல்வி அலுவலகத்திலிருந்து வருடா வருடம் கடிதம் வரும். பாதுகாப்பாக என்றால் எப்படி என்று அந்தக் கடிதத்தில் இருக்காது. பழைய பேட்டரி எடுக்கிறவர்கள், உள்ளே விஷத் திரவம் இருக்கிறது, எங்களுக்கு ஆகாது என்றார்கள். விஷக் கழிவு எடுக்கிறவர்கள், உள்ளே பேட்டரி இருக்கிறது, எங்களுக்கு ஆகாது என்றார்கள். இரண்டு பேரும் மூன்று வருடம் பள்ளியைப் பந்தாடினார்கள். கடைசியில் இரண்டையும் சேர்த்து எடுக்கும் ஒரு நிறுவனம் கிடைத்து, மஞ்சள் பீப்பாயோடு ஒரு வண்டி வந்தது. வண்டிக்காரர் நடுத்தர வயது, எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள். பெட்டியை எட்டிப் பார்த்தார். “லைட்டு எரியறத நாங்க ஏத்தறதில்லம்மா. வழியில பத்திக்கிட்டா என் தலைதான் உருளும்,” என்றார். எரியாதது எண்பத்தெட்டு மட்டும்தான். விதிப்படி அதை மட்டும் எடுத்தார், அவள் விதிப்படி கையெழுத்துப் போட்டாள். பெரிய பீப்பாய்க்குள் அந்த ஒன்று உருளும் சத்தத்தோடு வண்டி கேட்டைத் தாண்டிப் போனது.

மற்றப் பள்ளிகளில் ஒருநாள் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுவிடுகிறார்கள் என்று யாரோ பெரிய சார் காதில் போட்டார்கள். லேப் அக்கா வேண்டாம் என்றாள். “இதுங்க மூச்சு விடுது சார்.” பெரிய சார் சிரித்தார். “இருக்கிற தொல்லைல பேட்டரிக்கு மூச்சு வேறயா?” தானே ஒரு வாளியில் உப்பைக் கரைத்து, கைக்கு வந்த ஐந்தைப் பிடுங்கிப் போட்டார். நாலு பேர் வெளியூரில் இருந்தார்கள், அவர்களுக்கு அப்போது என்ன நேர்ந்தது என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஐந்தாவது பெண் மாடியில் பன்னிரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். புவியியல் பாடத்தின் நடுவே எழுந்து நின்று, மூக்காலும் வாயாலும் உப்புத் தண்ணீரை வரைபடத்தின் மேல் கக்கினாள். மாடியில் ஓட்டமும் கூச்சலும் கேட்டு லேப் அக்கா வாளிக்குள் கையை விட்டு ஐந்தையும் வாரி எடுத்தாள். மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பெரிய சாரின் முகத்தில் ஈயாடவில்லை. “சரி. தொடச்சு, பழையபடி நட்டுடுங்க,” என்றார். அலுவலகத்துக்கு, இப்பொருள்கள் ஈரப்பதத்துக்கு ஒவ்வாதவை என்று பதில் எழுதினார். அலுவலகம் அதைப் பெற்றுக்கொண்டதாக ரசீது அனுப்பியது.

பின்பு ஒரு வழி பிறந்தது. பறித்த பொருளை, பெற்றோரும் மாணவரும் நேரில் வந்து இருவரும் கையெழுத்திட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒரு பழைய விதி இருந்தது. எல்லா முகவரிக்கும் கடிதம் போனது. இரண்டு வருடம் வந்துகொண்டே இருந்தார்கள். தாடி வைத்துவிட்ட பையன்கள், கல்யாணமாகி வயிற்றோடு வந்த பெண்கள், பக்கத்தில் அப்பாவோ அம்மாவோ. பெட்டியைக் காட்டி இது உங்களுடையது என்று சொன்னதும் பெரியவர்கள் முதலில் முறைப்பார்கள். பிறகு பிள்ளை நெஞ்சையும் விளக்கையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். பிறகு கைக்குட்டையில் சுற்றி வாங்கிக்கொள்வார்கள். பத்து வருடமாகப் பேசிக்கொள்ளாத ஓர் அப்பாவும் மகனும் அதை யார் வைத்துக்கொள்வது என்று வராந்தாவில் சண்டை போட்டார்கள். லேப் அக்கா ஒவ்வொரு முறையும் கையெழுத்தைச் சரிபார்த்து, பெயருக்கு நேரே கோடு போட்டு, குழியான இடத்தில் மணலை நிரப்பினாள். பொறாமையாக இருந்ததா என்று கேட்டால், இருந்திருக்க வேண்டும், அவளுக்குத் தெரியவில்லை.

எல்லா முகவரிக்கும் என்றால் எண்பத்தெட்டாம் எண்ணின் முகவரிக்கும் கடிதம் போயிருந்தது. அது அவள் செய்த தவறு. பதிவேட்டில் இருந்த வரிசைப்படியே உறை எழுதினாள். அணைந்தது என்ற குறிப்பு மறுபக்கம் இருந்தது. அந்தப் பையனின் அம்மா தனியாக வந்து, வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கடிதத்தை நீட்டினாள். அது வண்டியில் போய்விட்டது என்று லேப் அக்கா சொல்ல வேண்டியிருந்தது. அந்த அம்மா சத்தம் போடவில்லை.

“எரிஞ்சுக்கிட்டிருந்த வரைக்கும் இங்கதான் இருந்துச்சா?”

“ஆமாங்க.”

“நீங்க பாத்தீங்களா?”

“தினமும் பாத்தேங்க.”

“ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாமே. நானும் வந்து பாத்திருப்பேன்,” என்று சொல்லிவிட்டு, கடிதத்தை மடித்துத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

கடைசியில் பெட்டியில் முதல் எண் மட்டும் மிஞ்சியது. பெற்றோர் கட்டத்தில் லேப் அக்காவின் கையெழுத்து இருந்தது, மாணவர் கட்டம் காலி. “நீங்களே போட்டுக்குங்கம்மா, யாரு பாக்கப்போறாங்க,” என்றார் பெரிய சார். பொய்க் கையெழுத்துப் போட அவளுக்குக் கை வரவில்லை. ஒரு பெயரை எழுதி அவனை இழந்தவள், அதே பெயரை இன்னொரு தரம் எழுத வேண்டாம் என்று நினைத்தாள். இதற்குள் நிறுவனத்துக்கு நெருப்புப் பிடிக்காத புதுப் பீப்பாய் வந்துவிட்டது. எரிகிறதையும் இனி ஏற்றலாம், வெள்ளிக்கிழமை வண்டி வரும், அத்தோடு கணக்கை முடித்துவிடுங்கள் என்று அலுவலகம் எழுதியது. கொண்டுபோய் என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். தண்ணீருக்கடியில் வைத்து அரைப்பார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு வண்டிக்காரர் பீப்பாயை வராந்தாவில் உருட்டிக்கொண்டு வந்தார். லேப் அக்கா பத்து நிமிடம் கேட்டாள். பின்னறைக்குள் போய், பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, நாலரை வருடத்துக்குப் பின் மகனின் எண்ணை அடித்தாள். வந்து ஒரு கையெழுத்துப் போடு என்று மட்டும் சொல்ல நினைத்திருந்தாள். பதினாறு வீதம் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்த விளக்கு, முதல் மணி அடித்ததும் எரிந்தபடியே நின்றது. அணையவில்லை. இரண்டாவது மணி, மூன்றாவது மணி, விளக்கு அசையவில்லை. அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தாள். பன்னிரண்டு முறை மணி அடித்து, அழைப்பு தானாக ஓய்ந்தது. ஓய்ந்த நொடியில் விளக்கு மெல்ல, மிக மெல்ல அணைந்தது. பிறகு ஒரு நீளமான, நடுங்குகிற வெளிச்சம். பிறகு வேகமாக நாலைந்து. பிறகு பழையபடி.

ஆய்வகத்தில் எதையும் மூன்று முறை அளந்தால்தான் அளவு. இரண்டாம் முறை அடித்தாள். விளக்கு நின்றது, ஓய்ந்ததும் விட்டது. மூன்றாம் முறையும் அப்படியே. எங்கோ ஓர் ஊரில், கையில் இருக்கும் போனைப் பார்த்துக்கொண்டு, அதில் வந்த பெயரைப் பார்த்துக்கொண்டு, எடுக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளுக்கு வலித்தது. விலா எலும்புக்குக் கீழே, இடது பக்கம், கத்தியால் கிழித்த மாதிரி வலித்தது. இத்தனை வருடத்தில் வலித்தது அதுதான் முதல் தடவை, அவள் இரண்டு கையாலும் அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“என்னம்மா ஆச்சு?” என்றார் வாசலில் நின்ற வண்டிக்காரர்.

“என் பையன்... நான் போன் பண்ணா மூச்சப் பிடிச்சுக்கிறான்.”

அவர் உள்ளே வந்து விளக்கைப் பார்த்தார், அவள் கையிலிருந்த போனைப் பார்த்தார். பிடரியைச் சொறிந்தார். “இன்னிக்கு இனிமே அடிக்காதீங்கம்மா. பாவம், திணறிடுவான்,” என்றார். படிவத்தை வாங்கி, விளக்கு எரிகிறது, ஏற்றவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். காலிப் பீப்பாயை உருட்டிக்கொண்டு போனார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் வருவார், எட்டிப் பார்ப்பார், அதையே எழுதுவார், அலுவலகமும் அதையே கோப்பில் சேர்க்கும்.

லேப் அக்கா இப்போதும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். புதுப் பிள்ளைகளின் கருவிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. சீட்டில் எண்ணை மட்டும் எழுதுகிறாள், பெயர் எழுதுவதில்லை. தினமும் நாலே காலுக்கு, கடைசி மணி அடித்து வகுப்புகள் காலியானபின், முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெட்டியின் முன் உட்கார்ந்து மகனுக்குப் போன் போடுகிறாள். அவன் எடுப்பதில்லை. விளக்கு நிற்கிறது. ஏழாவது மணியில், அவனுக்கு மூச்சு முட்டிவிடக்கூடாது என்று, அவளே போனை வைத்துவிடுகிறாள்.